பாலைவனமும் தார் வீதியும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை ஒரு நூலும் ஒரு பயணமும். நூல், அமெரிக்க எழுத்தாளர் எட்வேர்ட் அபி எழுதி 1968 இல் வெளிவந்த 'டெசேர்ட் சொலிட்டெயர்'. பயணம், லாஸ் வேகாஸில் வசிக்கும் என் தங்கை குடும்பத்தோடும் அம்மாவோடும் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் பாலைநிலத்தில் எட்டு நாட்கள் கூடாரமடித்துத் திரிந்தது.

யூட்டாவில் ஆர்ச்சஸ் என்றோர் இடம் உண்டு. மழைநீரும் உறைபனியும் செந்நிற மணற்கல்லை அரித்து உண்டாக்கிய வளைவுகள் அங்கே இரண்டாயிரத்துக்கு மேல். 1956, 1957 ஆம் ஆண்டுகளில் அங்கு பருவகாலக் காவலராகத் தனித்திருந்தவர் அபி. புதிய தார் வீதிக்காக நில அளவையாளர் நட்டுச் சென்ற முளைகளை இரவோடிரவாகப் பிடுங்கி எறிந்ததாக நூலில் எழுதுகிறார். வீதி என்னவோ வந்துதான் விட்டது.

தேசிய வனங்களுக்குள் கார்களே நுழையக்கூடாது, நடந்து வரட்டும், குதிரையிலோ சைக்கிளிலோ வரட்டும் என்பது அவர் வாதம். அப்படியானால் முதியோர் என்ன செய்வது? அவர்கள்மீது அவருக்கு இரக்கம் குறைவு. இந்த நிலம் கெடாமலிருந்த காலத்திலேயே வந்து பார்த்திருக்கலாமே என்கிறார்.

இந்தப் பகுதியை நான் வாசித்தது வாகனத்தின் பின் ஆசனத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. அம்மாவுக்கு வயது எழுபத்தாறு; இரண்டு முழங்கால்களிலும் வாதம். எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"அந்த நாளிலை எனக்கு ஆர் தம்பி ரிக்கற் எடுத்துத் தந்தது?" என்றார்.

முதலில் சயன் பள்ளத்தாக்கு. அங்கே அபியின் கனவு பாதி பலித்திருக்கிறது. கார்களின் நெரிசல் தாங்காமல் 2000 ஆம் ஆண்டிலிருந்து பருவகாலத்தில் இலவச பஸ் விடுகிறார்கள். உள் வீதியில் தனியார் வாகனங்களுக்கு அப்போது இடமில்லை. அம்மா மச்சானின் தோளைப் பிடித்தபடி பஸ்ஸில் ஏறினார். வான்முட்டும் பாறைச் சுவர்களை யன்னலால் அண்ணாந்து பார்த்தார். கார் இல்லாத அமைதியில் ஆற்றின் ஓசை கேட்டது. கார்கள் குறைய வேண்டும் என்பதில் அபி சொன்னது சரி. முதியவரை வாசலில் நிறுத்தியதில்தான் அவரோடு எனக்குப் பிணக்கு.

அடுத்தது கிளென் கன்யன் அணைக்கட்டு. அணை எழுமுன் அந்தப் பள்ளத்தாக்கின் வழியே படகில் மிதந்து போனதை அபி எழுதியிருக்கும் அத்தியாயம் ஒரு சரமகவி போன்றது. நூலின் உச்சம் அதுவே என்பேன். 1963 இல் அணையின் கதவுகள் மூடப்பட்டன. மெல்ல மெல்ல எல்லாம் நீருக்குள் போயிற்று. பின்னர் நீண்ட வரட்சி வந்தது. 2022 இல் அந்தப் பென்னாம்பெரிய நீர்த்தேக்கம் தன் கொள்ளளவில் காற்பங்குக்கும் கீழே இறங்கியது. நீர் வற்றிய அளவைச் செம்பாறைகளில் ஒரு வெள்ளைப் பட்டை காட்டிக்கொண்டு நிற்கிறது. மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தது போல என்றார் அம்மா.

அங்கிருந்து வழி நவஹோ மக்களின் நிலத்தினூடாகச் செல்கிறது. அது நம் இலங்கை முழுவதையும்விடப் பரப்பிற் பெரியது. ஆனால் அங்கே பல வீடுகளுக்குக் குழாய்நீர் கிடையாது. பீப்பாய்களில் தண்ணீர் ஏற்றிய வாகனங்கள் எங்களைக் கடந்து போயின. அந்தத் தார் வீதி அவர்களுக்குத் தண்ணீர் வரும் வழி. பாலைவனத்தின் தனிமை என்பது வந்து போகிறவனின் சொல் என்று அப்போது எனக்குப் பட்டது.

ஆர்ச்சஸில் இரண்டு இரவுகள் தங்கினோம். கூடாரமடிக்க மாதக்கணக்கில் முன்பதிவு செய்திருந்தாள் தங்கை. அங்கே மண்ணின் மேற்படலம் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் பின்னிய கருமையான பொருக்கு அது. ஒரு மிதியில் சிதைந்தால் மீளப் பல பத்தாண்டுகள் செல்லும். பிள்ளைகளைப் பாறைமேல் மட்டும் நடக்கச்சொல்லி, மடக்குக் கதிரையில் இருந்தபடி அம்மா காவல் பார்த்தார். காஸ் அடுப்பில் பிட்டு அவிந்தது. பகல் வெயிலுக்கு நேரெதிராக இரவுக் குளிர் எலும்பைத் தொட்டது. வேனின் ஆசனங்களை மடித்து அம்மாவுக்குப் படுக்கை போட்டோம்.

மறுநாள் 'டெலிகேற் ஆர்ச்' என்னும் பெயர்பெற்ற வளைவுக்கு மருமகளும் நானும் நடந்தோம். போய்வர ஐந்து கிலோமீற்றர், மருந்துக்கும் நிழலில்லை. அம்மா போனது கீழேயுள்ள பார்வையிடத்துக்கு. சக்கர நாற்காலி செல்லும் பாதை அது. வளைவு அங்கிருந்து ஒரு மைல் தொலைவில் தெரியும். தங்கை தொலைநோக்கியைக் கொடுத்திருக்கிறாள்.

மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியதும், அண்மையில் நின்று பார்த்த பெருமையோடு நான் விபரிக்கத் தொடங்கினேன். அம்மா இடைமறித்தார். "நீங்கள் அதுக்குக் கீழை எறும்பு மாதிரி நிண்டனீங்கள். உங்களைக் கண்டாப் பிறகுதான் அது எவ்வளவு பெரிசெண்டு எனக்கு விளங்கினது."

வளைவின் அடியில் நின்ற எனக்கு அந்தக் காட்சி கிட்டவில்லை.

இரவு, அபிக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். 1989 இல் இறந்துபோனார், அவர் விருப்பப்படியே நண்பர்கள் உடலை ஒரு பிக்கப் வாகனத்தில் ஏற்றிச் சென்று அரிசோனாப் பாலைவனத்தில் எங்கோ புதைத்தார்கள், இடத்தை வெளியில் சொல்லவில்லை என்றேன்.

அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்ப அவரும் கடைசியிலை வாகனத்திலைதான் போயிருக்கிறார்" என்றார்.