எண்ணெய் இயந்திர வால்வுகளை நாமே செப்பனிடுவோம்

(உழவர் பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நெற்பயிர் கதிர் ஈனும் பருவத்தில் நீர் தவறினால் மணி பதராகிவிடும் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மின் இணைப்பு எட்டாத கிணறுகள் பலவற்றில் அந்நேரத்து நம்பிக்கை டீசல் எண்ணெய் இயந்திரமே. அது நின்றுவிட்டால், பழுது பார்ப்பவர் வரும்வரை பயிர் காத்திராது.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உருளையினுள் அடைபட்ட காற்று நெருக்கப்பட்டுச் சூடேறுவதனாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அக்காற்றை அடைத்துவைக்கும் கதவுகளே வால்வுகள். நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுழலும் இயந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் 325 முறை திறந்து மூடுகிறது. நாளடைவில் கரி படிந்தும் குழி விழுந்தும் அதன் விளிம்பு சீட்டில் ஒட்டாது போகிறது. காற்றுக் கசிந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் எண்ணெய் எரியாது. கைப்பிடியைச் சுற்றும்போது எதிர்ப்பின்றி எளிதாகச் சுழல்வதும், புகைபோக்கியில் ‘உஸ்’ என்ற ஓசை கேட்பதும் இதற்கு அறிகுறிகள். ஆயினும் பிஸ்டன் வளையம் தேய்ந்தாலும் எதிர்ப்புக் குறையும். ஆகவே ஓசை வரும் இடத்தை முதலில் ஆராய்தல் வேண்டும்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். இயந்திரம் நன்கு ஆறியபின் எண்ணெய்க் குழாயை அடைத்து, ஹெட்டைக் கழற்றுக. ஸ்பிரிங்கை அழுத்தி, பூட்டுத் துண்டுகளை எடுத்து, வால்வுகளை வெளியே எடுக்கவும். எந்த வால்வு எந்தச் சீட்டுக்கு உரியது என்று அடையாளம் இட்டு வைத்தல் இன்றியமையாதது. கரியைச் சுரண்டி மண்ணெண்ணெயால் கழுவுக. தண்டு வளைந்திருந்தாலோ, விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தாலோ, தலை வெடித்திருந்தாலோ, அவ்வால்வைத் தேய்த்துப் பயனில்லை. புதியது வாங்குவதே சிக்கனம்.

நல்ல வால்வாயின் அதன் சாய்ந்த முகத்தில் மட்டும் வால்வு தேய்க்கும் பசையைச் சிறிதளவு தடவுக. தண்டில் பசை படலாகாது. ரப்பர்க் குமிழ் பொருத்திய கோலை வால்வின் தலையில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல இரு உள்ளங்கைகளுக்கிடையே முன்னும் பின்னும் உருட்டவேண்டும். சில முறை உருட்டியபின் வால்வைச் சற்றுத் தூக்கி, இடம் மாற்றி வைத்து, மீண்டும் உருட்டுக. முதலில் முரட்டுப் பசை, பின்னர் மென்பசை. முகத்திலும் சீட்டிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தோன்றியதும் நிறுத்திவிடுக. மேலும் தேய்ப்பது கேடு. சீட்டு அகன்று, வால்வு உள்ளே அமிழ்ந்துவிடும்.

பின்னர்ப் பசையை ஒரு துகளும் எஞ்சாமல் கழுவித் துடைத்தல் வேண்டும். உருளைக்குள் சென்ற துகள் பிஸ்டனையும் அரைக்கும். தண்டுக்கு எண்ணெயிட்டு வால்வுகளைப் பூட்டியபின், ஹெட்டின் வழித்துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் பார்க்கவும். சீட்டின் ஓரம் கசிவின்றி இருப்பின் வேலை செம்மையாயிற்று. கசிந்தால் மீண்டும் தேய்க்கவேண்டியதே.

புதிய கேஸ்கட் இட்டு, ஹெட்டின் நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குக. வால்வு இடைவெளியை இயந்திரத்தின் கையேட்டில் உள்ளபடி பீலர் கேஜ் கொண்டு அமைக்கவேண்டும். ஓசை குறையுமென்று இடைவெளியைக் குறைப்போர் உண்டு. சூட்டில் தண்டு நீளுமாதலால், அவ்வாறு செய்தால் வால்வு முற்றும் மூடாது, விரைவில் எரிந்துபோகும்.

சீட்டில் ஆழமான குழி இருந்தாலோ, கைடில் தண்டு ஆடினாலோ பட்டறைக்கே கொண்டுசெல்க. எது நம்மால் ஆகும், எது ஆகாது என்று அறிவதும் தொழிலறிவேயாகும்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற சமுதாய வளர்ச்சித் திட்டம், மக்கள் தம் கையாலேயே தம் நிலையை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அதனை நாம் இன்றும் பின்பற்றலாம். ஊருக்கு இரண்டு இளைஞர்கள் இத்தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். தேய்க்கும் கோலும் பசையும் பீலர் கேஜும் ஊர்ப் பொதுவில் இருக்கட்டும். பயிர் வாடும்போது கழற்றுவதைவிட, அறுவடை முடிந்த ஓய்வு நாட்களில் கழற்றிப் பார்ப்பதே அறிவுடைமை. இந்த ஓய்வுக் காலத்திலேயே அதனைத் தொடங்குவோமாக.