எழுத்துக்கு என்ன குற்றம்?

நடுவர் அவர்களே! “என் காசு, என் காரு, நம்பர் பலகை எழுத்தும் என் இஷ்டம்”னு எதிரணித் தம்பி முழங்கினாரு. ஜெர்மனியில 10 யூரோ சொச்சம் கட்டினா இஷ்ட எழுத்து உண்டு தம்பி. ஊர் எழுத்துக்குப் பின்னாடி புருஷன் பெண்டாட்டி முதலெழுத்து, கல்யாணத் தேதி! (சிரிப்பு) அப்பவாவது தேதி ஞாபகம் இருக்கட்டும்.

ஆனா எஸ்.எஸ். கேட்டா கிடையாது. அது ஹிட்லரோட கொலைகாரப் படை. கே.இசட். கிடையாது, வதைமுகாமுக்கு அங்கே அதுதான் சுருக்கம். கொலோன் நகரத்துக்கு ஊர் எழுத்தே கே. அதனால, பேரு இசட்ல ஆரம்பிக்குதேன்னு ஒருத்தர் ஒத்தை இசட் கேட்டாலும் தர்றதில்லை. பாவம், அவர் என்ன தப்பு செஞ்சாரு? ஒண்ணுமில்லை. ஆனா சிக்னல்ல பின்னாடி நிக்கிற காருல, முகாமுக்கு அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பாட்டி இருந்தா? விளக்கு பச்சையாகிற வரைக்கும் அந்தம்மா கண்ணை மூடிக்கணுமா தம்பி?