வெளிப்படை: ஒரு சொல்லும் அதன் கடமையும்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் அமைந்துள்ள புத்தலப்பட்டு, தெலுங்கும் தமிழும் கலந்து பழகும் வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆட்சித்துறையில் தெலுங்கர் 'பாரதர்சகத' என்பதைத் தமிழர் 'வெளிப்படைத் தன்மை' என்பர். 'டிரான்ஸ்பரன்சி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக வழங்கும் இவ்விரு சொற்களும் பிறந்த வழி வேறு.

இலத்தீனில் 'டிரான்ஸ்' என்பது ஊடே. 'பரேரே' என்பது தோன்றுதல். கண்ணாடியின் ஊடே மறுபுறம் தோன்றுவதைக் குறித்த அச்சொல், பின்னரே ஆட்சிமுறைக்கு ஆகிவந்தது. வடமொழி வழிவந்த தெலுங்குச் சொல்லும் மறுபுறத்தைக் காட்டுவதையே குறிக்கிறது. தமிழ்ச் சொல்லோ 'வெளி'யிற் பிறந்தது. உள்ளிருப்பது வெளியே வந்து நிற்பதே வெளிப்படை. விளக்கம் வேண்டாமலே பொருள் விளங்கும் சொல்லைத் தொல்காப்பிய உரியியல் 'வெளிப்படு சொல்' எனக் குறிக்கிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. கண்ணாடியின் ஊடே காண்பது பார்ப்பவரின் பொறுப்பு. வெளிப்படுத்துவதோ கணக்கை வைத்திருப்பவரின் கடமை. கணக்கேட்டைத் திறந்து வைப்பதனால் மட்டும் எழுத்தறியாத கூலித் தொழிலாளிக்கு என்ன விளங்கும்?

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, முதற்கட்ட மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று. பணிகளைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டுமென அதன் 17ஆம் பிரிவு பணித்தது. ஆந்திரப் பிரதேசம் அவ்வாண்டு முதலே இதனை முறையாக மேற்கொண்டது. பயிற்சி பெற்ற கிராம இளைஞர்கள் வருகைப் பட்டியலுடன் வீடுவீடாகச் சென்று, வேலை செய்த நாள்களையும் பெற்ற கூலியையும் கேட்டு ஒப்பிட்டனர். கண்டவை கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட்டன. பின்னர் மண்டலத் தலைமையிடத்தில், அலுவலர் முன்னிலையில், பொது விசாரணைக்கு வந்தன. செய்யாத வேலைக்குத் தம் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதை அறிந்த தொழிலாளி, அங்கேயே எழுந்து மறுக்க இயன்றது. ஏட்டில் அடங்கியிருந்த கணக்கு ஊரார் செவிக்கு எட்டியது.

இக்கருத்து புதிதுமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைத் தேர்வினின்று விலக்கியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், கேட்போருக்குத் தகவல் தருவதோடு நில்லாமல், கேளாமலே வெளியிட வேண்டியவற்றை 4ஆம் பிரிவில் வகுத்துள்ளது.

கேட்டபின் காட்டுவது கண்ணாடி. கேட்குமுன் கொண்டுவந்து வைப்பதே வெளிப்படை. உழைத்தவரின் ஒருநாட் கூலி அவர் கைக்குச் சேர்வதில்தான் அச்சொல்லின் பொருள் நிறைவு பெறும்.