ஒரு பாட்டு, ஊர்ப்பட்ட பெயர்கள்



ஒரு தபாலட்டையில் எத்தனை பெயரை அடக்கலாம்? 1960களின் கடைசியில் இலங்கை மலைநாட்டின் கெலிஓயாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆராய்ச்சி. எழுத்தைப் பொடியாக்கி, வரியை நெருக்கி, அம்மா அப்பாவில் தொடங்கி மாமா மாமிமார், பெரியம்மாவின் பிள்ளைகள், பக்கத்துக் காம்பராக்காரர், தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரை ஒருவரையும் விடாமல் எழுதுவார்கள். இடம் முடிந்தால் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி ஏறும். எல்லாப் பெயரையும் எழுதிவிட்டு, எந்தப் பாட்டு வேண்டும் என்பதை மறந்த அட்டைகளும் கொழும்புக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்றைய உரை. வானொலிக்கு அட்டை எழுதிப் பாட்டுக் கேட்பதைக் கலை என்று சொன்னால் இசை வித்துவான்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்தக் காலத்து மலைநாட்டில் சாதாரண மனிதர் கையில் இருந்த கலைகளில் இது ஒன்று. அதற்கு முறை இருந்தது, நுணுக்கம் இருந்தது, குறையும் இருந்தது.

முதலில் அன்றைய காசுக் கணக்கைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அந்த அட்டையின் அருமை விளங்காது. பங்கீட்டு அரிசி தரும் கூப்பன் கடையில் கிழமைக்கு ஆளுக்கு இரண்டு கொத்து அரிசி, கொத்து 25 சதம் என்று கிடைத்து வந்தது. 1966 டிசம்பரில் டட்லி சேனநாயக்க அரசாங்கம் அதை ஒரு கொத்தாக்கியது. அந்த ஒரு கொத்து இலவசம். காசு மிச்சம் என்று சொல்லலாம்தான், ஆனால் குறைந்த கொத்துக்கு வெளிக்கடையில் கூடின விலை கொடுக்க வேண்டும். மற்ற நேரத்துக்குக் கோதுமை மா ரொட்டி. அமெரிக்க உதவித் திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்த மாவும் அதில் உண்டு. 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை 4 ரூபா 76 சதமாக இருந்த அமெரிக்க டொலர் 5 ரூபா 95 சதமாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் அந்நியச் செலாவணிச் சான்றிதழ் முறை வந்து, அவசியமில்லாதவை என்று ஒதுக்கப்பட்ட இறக்குமதிப் பொருள்களின் விலையை இன்னும் ஏற்றிவிட்டது. இந்த நிலைமையில் ஒரு கிராமபோன் பெட்டி, அதற்கு இசைத்தட்டு என்பதெல்லாம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கும் கெலிஓயாக் கடைத்தெருவின் சின்னக் குடும்பத்துக்கும் எட்டாத சங்கதி.

அதனால் பாட்டை வாங்கவில்லை, கேட்டார்கள். அதுவும் கூட்டமாகக் கேட்டார்கள். ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் எடுக்க வேண்டிய காலம். தோட்டத்தில் கிளாக்கர் ஐயா வீட்டில் ஒன்று, பெரிய கங்காணி வீட்டில் ஒன்று, கீழே இறங்கினால் தேத்தண்ணிக் கடையில் ஒன்று. மின்சாரம் இல்லாத வீடுகளில் பற்றரிதான் உயிர். டிரான்சிஸ்டர் பற்றரி சோர்ந்துபோனால் அதைக் கழற்றி ஜன்னல் ஓரத்தில் வெயிலில் காயவைப்பார்கள். அரை மணி நேரம் மீண்டும் பேசும். அந்த அரை மணி நேரத்தை எந்த நிகழ்ச்சிக்கு ஒதுக்குவது என்று வீட்டில் சண்டை வரும். முஸ்லிம் வீடுகளில் நாகூர் ஹனிபாவின் குரலுக்காகவும் முஸ்லிம் நிகழ்ச்சிக்காகவும் பற்றரியைச் சேமித்தவர்கள் உண்டு. அதே பெட்டியில் முள்ளைக் கொஞ்சம் திருப்பினால் சிங்களப் பாட்டு, இன்னும் திருப்பினால் ஆங்கில சேவையில் ஜிம் ரீவ்ஸ். அமெரிக்காவில் 1964இல் விமான விபத்தில் இறந்துபோன அந்தக் கிராமியப் பாடகருக்கு இலங்கையில் இருந்த மவுசைப் பார்த்தால் அவர் ஊர்க்காரரே வியந்துபோவார்கள்.

அமெரிக்கா என்றதும் ஓர் ஒப்பீடு. 1968 பெப்ரவரியில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டொலர் 60 சதமானது. ஒரு பாட்டு இசைத்தட்டின் விலை ஒரு டொலரை ஒட்டித்தான். ஆக, கடையில் வேலை செய்யும் ஒரு பையன் ஒரு மணி நேரம் உழைத்தால் விருப்பமான பாட்டு அவன் சொத்து. அங்கும் வியட்நாம் போர்ச் செலவோடு விலைவாசி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இளைஞர் கையில் புழங்கிய காசு பாட்டுத் தொழிலையே தாங்கியது. ‘டாப் 40’ என்ற வானொலி முறை எங்கே பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உணவுக்கடையில் இருக்கும் பாட்டுப் பெட்டியில் வாடிக்கையாளர் காசு போட்டுத் திரும்பத் திரும்ப ஒரே பாட்டைக் கேட்பதை டொட் ஸ்டோர்ஸ் என்ற வானொலி முதலாளி கவனித்தாராம். எதற்குக் காசு விழுகிறதோ அதையே நாள் முழுக்கப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பிறகு நாடே அந்த வழிக்குப் போயிற்று. 1969 ஆகஸ்டில் நடந்த வூட்ஸ்டாக் இசை விழாவுக்கு மூன்று நாள் டிக்கட் 18 டொலர். நம் கணக்கில் 107 ரூபா. வேலி சரிந்து கடைசியில் எல்லாரும் இலவசமாகத்தான் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அங்கே ஒரு பாட்டின் செல்வாக்கை அளந்தது காசு. இங்கே அளந்தது தபாலட்டை. நேயர் விருப்பம் என்ற பழக்கத்தை நான் மதிப்பதற்கு இது முதல் காரணம். வாங்க வசதியில்லாதவரின் ரசனையும் கணக்கில் சேர்ந்தது.

அதற்காக அமெரிக்கா வேறு உலகம், நாம் வேறு உலகம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் கோடம்பாக்கம் வழியாகக் கெலிஓயாவுக்கு வந்துகொண்டே இருந்தன. 1966இல் வந்த ‘அன்பே வா’ படத்தின் கதைக்கு மூலம் ‘கம் செப்டம்பர்’ என்ற ஹாலிவுட் படம். எம்.எஸ். விஸ்வநாதன் டுவிஸ்ட் தாளத்தையும் கிட்டாரையும் தமிழ்ப் பாட்டுக்குள் இழுத்து வந்து, அந்நியம் தெரியாமல் உட்கார வைத்திருந்தார். அந்தப் படத்தின் நாயகன் எம்.ஜி.ஆர். பிறந்த நாவலப்பிட்டி, பேராதனையில் பிரிந்து கெலிஓயா, கம்பளை என்று போகும் எங்கள் ரயில் பாதையில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்து அட்டைகளில் அவர் படப் பாட்டுக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி அறிவிப்பாளர் பக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, தென்கிழக்காசியாவில் இருந்த நேசநாட்டுப் படையினருக்காக ஏக்கலவில் நிறுவிய வலுவான ஒலிபரப்புக் கருவி 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைக்க, தமிழ்நாட்டுக் காதுகளும் இங்கே திரும்பின. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனன் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது அப்படித்தான். 1967 ஜனவரியில் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. பி.எச். அப்துல் ஹமீதின் குரல் ஒலிக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

பெயர்ப் பட்டியல் வாசிப்பது லேசான வேலை இல்லை. வாசித்துப் பாருங்கள், ஐந்தாவது பெயரிலேயே குரல் தட்டையாகிவிடும். நல்ல அறிவிப்பாளர் ஒரு குடும்பத்தின் பெயர்களை ஒரு மூச்சில் எடுத்து, ஊர்ப் பெயரில் சற்று நிறுத்தி, அடுத்த குடும்பத்தை வேறு சுருதியில் தொடங்குவார். பாட்டின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசித்து, பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் முடிப்பது அடுத்த படி. சிங்களமும் ஆங்கிலமும் தமிழும் கலந்த தோட்டப் பெயர்களை இடறாமல் சொல்ல வேண்டும். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும் விடக் கூடாது. விட்டால் அடுத்த வாரம் கோபத்தோடு ஓர் அட்டை வரும்.

தோட்டத்து மனிதருக்குத் தன் பெயர் பட்டியலில் இருப்பது புதிதல்ல. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பிந்திப் போனாலோ கொழுந்து நிறை குறைந்தாலோ அரைப்பேர்தான் விழும், அரை நாள் கூலிதான். கூப்பன் புத்தகத்தில் பெயர் இருந்தால் அரிசி. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அதற்கான விண்ணப்பத்திலும் பெயர்தான். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அரசாங்கக் கச்சேரிக்கு எத்தனை நடை! இத்தனை பட்டியல்களுக்கு நடுவில், வேலைக்கும் அல்லாமல், அரிசிக்கும் அல்லாமல், நாடு கடத்தவும் அல்லாமல், பாட்டுக் கேட்பதற்காக மட்டும் ஒரு பட்டியல். அதில் கூலிக்காரப் பெண்ணின் பெயரும் கடை முதலாளியின் மகன் பெயரும் தமிழ்நாட்டு இராமநாதபுரத்துக்காரர் பெயரும் அடுத்தடுத்து வரும். ஒருவருக்கும் அரைப்பேர் கிடையாது. பெயர் வந்ததும் லயத்தில் ஒரு கூச்சல் எழும்பும் பாருங்கள், அதில் பாட்டின் முதல் அடியே காதில் விழாது.

இதே ஆசை அமெரிக்கர்களுக்கும் இருந்தது. வியட்நாமில் இருந்த படையினருக்காக கிறிஸ் நோயல் என்ற நடிகை நடத்திய வானொலி நிகழ்ச்சிக்குக் கடிதங்கள் குவிந்தன. காட்டில் கிடந்த பையனுக்கும் தன் பெயரை ஒரு பெண் குரல் சொல்லக் கேட்பது பெரிய விஷயம்தான். அந்த நாட்டில் அப்போது அநேகமாக எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி வந்துவிட்டது. நமக்கு அது 1979இல்தான் வந்தது. 1969 ஜூலையில் நிலவில் மனிதர் நடந்ததை அவர்கள் பார்த்தார்கள், நாங்கள் ரேடியோவில் கேட்டோம். அடுத்த ஆண்டு இங்கே நடந்த தேர்தலில் ‘சந்திரனில் இருந்தாவது இரண்டு கொத்து அரிசி’ என்ற வாக்குறுதி மேடைகளில் பேசப்பட்டதாக இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த இரண்டாவது கொத்து வந்தது, ஆனால் காசுக்குத்தான்.

சரி, குறைக்கு வருகிறேன். நேயர் விருப்பம் என்றாலும் நேயர் எதையும் விரும்பிவிட முடியாது. இசைத்தட்டு இருக்கும் பாட்டைத்தான் கேட்கலாம். இசைத்தட்டோ சென்னையில் இருந்து வந்தது. கொழுந்து மலையில் பாடிய தெம்மாங்கும் தாலாட்டும், மாசியில் காமன் கூத்துக்கு விடிய விடியப் பாடியதும் எந்த அட்டையிலும் இடம்பெற வழியில்லை. மலைநாட்டு எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் லயம் லயமாகப் போய் அந்தப் பாடல்களைத் தேடி எழுதிவைத்தார்கள். அவற்றை எழுதிவைக்க ஆள் இருந்தது, ஒலிக்க வைக்கத்தான் தட்டு இல்லை. தன் பெயரை வானொலியில் கேட்டு மகிழ்ந்தவர், தன் பாட்டை அதில் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த இடைவெளியில் முதல் அடி வைத்தது மலைநாடு அல்ல, யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம். அறுபதுகளின் இறுதியில் கிட்டாரோடு அவர் பாடத் தொடங்கிய பொப் பாடல்களில் பேச்சுத் தமிழ் இருந்தது, கேலி இருந்தது, போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளம் இருந்தது, அமெரிக்கப் பையன்களின் கிட்டார் மோகமும் இருந்தது. ‘சின்ன மாமியே’ பிரபலமானபோது அது தமிழா என்று கேட்ட பெரியவர்கள் இருந்தார்கள். எல்லாப் பாட்டும் உயர்ந்தவை என்று நானும் வாதாட வரவில்லை. சிலவற்றில் கேலி மட்டும்தான் மிஞ்சும். ஆனால் கள்ளுக்கடையையும் நம் ஊர்ச் சம்பந்தி வம்பையும் பாடும் குரலை, சென்னைத் தட்டுக்குக் காத்திராமல், நம்முடைய வானொலியில் அட்டை போட்டுக் கேட்க முடிந்தது அதற்குப் பிறகுதான். எழுபதுகளில் ஏ.இ. மனோகரன் முதலானோர் வந்ததும் அந்தப் பட்டியல் நீண்டது. கெலிஓயாவில் இருந்து போன அட்டைகளிலும் எம்.ஜி.ஆர். பாட்டுக்குக் கீழே, இரண்டாவது விருப்பமாக, ஓர் உள்ளூர்ப் பாட்டு ஏறத் தொடங்கியது.