நம் நேரம் நம்முடையது



வெண்மணியில் 1968இல் எரிந்த 44 பேரை எழுதினோம்; எழுதிக்கொண்டே இருப்போம். ஆனால் தொண்ணூறைத் தொட்டு, பேரப்பிள்ளைகள் சூழக் கண்மூடிய ஒருவரை நம் எழுத்தில் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை.

நாம் இன்று நினைவுகூரும் பெரியவர் கோலார் தங்கவயல்காரர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். சங்கு ஊதி மேலே வந்தால் கால்பந்து, ஆர்மோனியம், புறா, லைன் வீட்டு வாசலில் ரோஜாச் செடி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்திய 'தமிழன்' இதழ்களைத் தந்தையிடமிருந்து பெற்று, தைத்துக் காத்தார். மகளுக்கும் மகனுக்கும் பேதமின்றி ஆர்மோனியமும் சமையலும் கற்றுத்தந்தார். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மகன்கள் பிழைப்புக்குப் பெங்களூரு ரயிலேற, பேரப்பிள்ளைகளை அவரே வளர்த்தார்.

உழைக்க மட்டுமே பிறந்த உடல் என்றது சாதி. நம் நேரம் நம்முடையது என்று வாழ்ந்து காட்டினார் அவர். பிற்காலத்தில் வயலின் கற்ற அண்ணல் அம்பேத்கரும் அதைத்தான் செய்தார்.

மாணவர்களே, சேரிக்குத் திரும்பும்போது நம் பெரியவர்களிடம் பட்ட துயரத்தைக் கேளுங்கள். எதில் மகிழ்ந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதுவும் நம் வரலாறு.

ஜெய்பீம்.