சித்தாள் முதல் தலைமைப் பொறியாளர் வரை

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியது ராஜசிம்ம பல்லவன் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் நிற்கும் சிறு சன்னதிகளில் ஒன்றை எழுப்பியவர் அவன் அரசி ரங்கபதாகை என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கட்டுமானத்துக்குப் பெண்கள் புதியவர்கள் அல்லர். இன்றும் நம் ஊரில் வீடு கட்டும் இடத்தில் செங்கல்லும் கலவையும் சுமப்பவர்களில் பலர் பெண்கள்தான். ஆனால் கையாளாக வந்த பையன் கொத்தனாராகிறான், மேஸ்திரியாகிறான். பெண்ணோ தலை நரைத்தாலும் சித்தாள்தான். அவள் கையில் கரண்டியைக் கொடுப்பவர் அபூர்வம்.

படித்த பெண்களுக்கும் இதே கதைதான். "சைட்ல வெயில் ஜாஸ்தி, நீங்க ஆபீஸ்ல டிராயிங் பாருங்கம்மா" என்பார்கள். அக்கறையாகத்தான் சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து ப்ராஜெக்ட் மேனேஜர் பதவி வரும்போது, "சைட் அனுபவம் இல்லையே!" என்று அதே ஆட்கள் கையை விரிப்பார்கள். திறமை எங்கே குறைந்தது? ஏணியில் நடுப்படியை எடுத்துவிட்டு, ஏன் ஏறவில்லை என்று கேட்டால் எப்படி?

அந்தப் படி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் முதன்முதலாக ஒரு பெண் சேர்ந்தது 1940-ல். அந்தத் தொடக்க கால மாணவிகளில் ஒருவரான பி.கே. த்ரேசியா சிவில் படித்தார். பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து, 1971-ல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். சிமெண்ட் கொட்டகைக்கு இடம் குறிக்கும்போதே பெண்கள் கழிப்பறைக்கும் குறியுங்கள். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது; அதற்குக் குறைவாக இருந்தாலும் ஒரு நிழலாவது போட்டுக் கொடுங்கள். புதிதாகச் சேரும் பெண் பொறியாளரை முதல் இரண்டு வருஷம் சைட்டுக்கு அனுப்புங்கள்.

தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று. இன்டர்வியூவில் சம்பளத்தைப் பற்றிக் கேளுங்கள், தப்பில்லை. அதோடு, "எனக்கு எந்த சைட் சார்?" என்றும் கேளுங்கள்.