நூல்நிலையமும் நியாயமான கையாள்கையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



நமது வாசிகசாலையில் அண்மையில் ஒரு சிறு பிணக்கு எழுந்தது. விலையுயர்ந்த சட்டநூல் ஒன்றை இரவல் பெற்று, முழுவதையும் போட்டோப்பிரதி எடுத்து வைப்போம் என வாலிபர் சிலர் முன்வந்தனர். ஒரு பக்கம் எடுப்பதும் களவே எனப் பெரியவர் ஒருவர் தடுத்தார். இரு சாராரும் நல்லெண்ணத்தோடேயே பேசினர். ஆனால் இரு சாராரும் தவறினர் என்பதே நம் கருத்து. அதனை விளக்கக் கனடாவில் நடந்த வழக்கொன்றைக் கூற விழைகின்றோம்.

ரொறன்ரோ நகரின் ஒஸ்கூட் மண்டபத்தில் சட்டநூல்கள் நிறைந்த நூல்நிலையம் ஒன்று உண்டு. ‘பெரிய நூல்நிலையம்’ என்பதே அதன் பெயர். அதனை நடத்துவது அந்நாளில் மேல் கனடாச் சட்டச் சங்கம் எனப்பட்ட அமைப்பு. 2018இல் ஒன்ராறியோச் சட்டச் சங்கம் எனப் பெயர் மாறிற்று. சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் கேட்டால், வேண்டிய தீர்ப்பையோ கட்டுரையையோ அங்குள்ளோர் படியெடுத்து அனுப்புவர். கேட்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் ரொறன்ரோவுக்கு வெளியே வாழ்ந்தவர்கள். நூல்களையோ வெளியே கொண்டுபோக இயலாது. 1993இல் சட்டநூற் பதிப்பகங்கள் மூன்று இதனை எதிர்த்து வழக்கிட்டன.

2004 மார்ச் 4ஆந் திகதி கனடா உயர் நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. பதிப்பகத்தார் வெறுங்கையோடு போகவில்லை என்பதை முதலிற் சொல்லவேண்டும். நீதிபதியின் சொற்கள் அவர்களுடைய உடைமையல்ல. ஆயின் தீர்ப்பின் தலைப்பில் அவர்கள் எழுதும் சுருக்கக் குறிப்பு, திறனும் மதிப்பீடும் செலுத்திய ஆக்கம், ஆதலின் பதிப்புரிமைக்கு உரியது என்றது மன்று. உழைப்பைப் பெரிதென மதிக்கும் பெரியவர்கள் இதனை வரவேற்பர்.

அப்பால், நியாயமான கையாள்கை என்பது வாசகனுக்கு இடப்படும் பிச்சையன்று, அது அவனது உரிமை, அதனைக் குறுக்கிப் பொருள் கொள்ளலாகாது என்றும் மன்று கூறிற்று. கூலி பெற்றுத் தொழில் செய்யும் சட்டத்தரணியின் ஆராய்ச்சியும் ஆராய்ச்சியே. எடுத்த நோக்கம், எடுத்த விதம், எடுத்த அளவு, வேறு வழி இருந்ததா, ஆக்கத்தின் தன்மை, அதன் விற்பனைக்கு நேர்ந்த பாதிப்பு ஆகிய ஆறையும் பார்த்தே நியாயம் காணவேண்டும். பணங்கட்டி அனுமதிச்சீட்டுப் பெற்றிருக்கலாமே என்ற வாதம் ஏற்கப்படவில்லை. உரிமையுள்ளவன் அதற்கு ஏன் சீட்டு வாங்கவேண்டும்?

நூல்நிலையத்தைக் காத்தது அது எழுதி வைத்திருந்த ஒழுங்குவிதி. ஒருவருக்கு ஒரு பிரதி. ஒரு வழக்கு அல்லது ஒரு கட்டுரை. நூலாயின் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற் கேட்டால் உசாத்துணை நூலகரிடம் அனுப்பவேண்டும். வாசகர் தாமே பயன்படுத்தும் பொறிகளின் மேல் பதிப்புரிமை பற்றிய அறிவித்தலும் தொங்கிற்று. எல்லை வகுத்தவன் வென்றான்.

இது நமக்குப் புறம்பான கதையன்று. கனடாவின் நியாயமான கையாள்கைக்கு முன்னோடியான 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமே அக்கால இலங்கையையும் ஆண்டது. இன்று நம்மிடம் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, விமரிசனம், கற்பித்தல், ஆராய்ச்சி முதலிய நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கின்றது. வகுப்புக்கு வேண்டிய பல பிரதிகளும் அதனுள் அடங்கலாம். நோக்கம், ஆக்கத்தின் தன்மை, அளவு, சந்தைக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றை அங்கும் பார்க்கவேண்டும். ஒரு முழு நூலைப் பிரதிசெய்து அலுமாரியில் அடுக்குவது இச்சோதனையில் தேறாது. வேண்டிய சில பக்கங்களை ஒரு மாணவன் தன் படிப்புக்கு எடுத்தால் அவனைக் கள்வன் என்பதும் அடாது. நம் ஊர் எழுத்தாளர் சிலநூறு பிரதிகளே அச்சிட்டு, விற்ற பணத்தில் அச்சகக் கடன் தீர்ப்பவர். அவருக்கு ஒரு முழுப்பிரதியும் பெரிய நட்டம் என்பதை வாலிபர் எண்ணிப் பார்க்க.

வாசிகசாலைக்கென ஓர் ஒழுங்குவிதியை ஒரு பக்கத்தில் எழுதிச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கின்றோம். பிணக்குக்குக் காரணமான நூலை விலைகொடுத்து வாங்கச் செயற்குழுவும் இசைந்துவிட்டது. குறையும் தொகைக்கு உண்டியல் வாயிலருகே இருக்கின்றது.